நாற்பத்தோராவது தடவை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சளி ஒன்று வந்து நாலு நாள் தங்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, இல்லை பழையபடி நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்து ஜன்னல் வழியாகத் துப்புகிறாரா?

போன வாரம் எங்கள் சினிமாப் பள்ளியில் ஒரு பிரெஞ்சு இயக்குநரின் பதினோரு படங்களையும் ஆறே நாளில் போட்டுக் காட்டினார்கள். அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை, நடிகர்களே இல்லை அக்கா. கசாப்புக் கடைக்காரர் வேண்டுமென்றால் கசாப்புக் கடைக்காரரையே கூட்டிவந்து நிறுத்திவிடுகிறார். ஒரே வாக்கியத்தை முப்பது தடவை, நாற்பது தடவை சொல்லவைப்பாராம். நடிப்பெல்லாம் உதிர்ந்து, ஆள் அலுத்துப்போய்ச் சும்மா சொல்லும்போதுதான் எடுப்பாராம். முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் காட்டுகிறார். கை, கதவு, படிக்கட்டு. கதை எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நல்ல மனுஷிக்கு அநியாயம் நடக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கொடுமை செய்கிறவர்கள் கத்துவதே இல்லை. மரியாதையாகப் பேசிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போகிறார்கள். ஒரு படத்தில் பொத்தான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணை நிறுத்திவிடுகிறார்கள். அவள் முகம் வரவே இல்லை. மேஜையில் கிடந்த பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்து வைத்துவிட்டு எழுந்துபோகும் கை மட்டும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படிப்பு முடிய நான் அரை மணி நேரப் படம் ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். யோசித்துப் பார்த்தால், எனக்குத் தெரிந்த கதவு நம் வீட்டுக் கதவுதான். மாமா உன்னை விட்டுவிட்டுப் போன நாள். நான் அப்போது ஹாஸ்டலில் இருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எழுதுவாயா? மனசு என்ன பாடுபட்டது என்பதெல்லாம் வேண்டாம். எது எங்கே இருந்தது, யார் என்ன சொன்னார்கள், அவ்வளவு போதும்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

நீ வைத்த பெயரைத் தாங்கிக்கொண்டு திரியும் உன் தம்பி,
துரை


ஜனவரி 27

சினிமாத் துரைக்கு,

அக்காவின் அன்பு. நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். அப்பாவுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாய்க்கு மட்டும் வாங்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோட்டில் போகிற அத்தனை டிரைவரையும் திட்டுகிறார். இருதயத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

பல்செட் லேபில் வேலை தலைக்கு மேல். நேற்று மட்டும் ஏழு மேல்வரிசை. மெழுகில் பல் பதித்துப் பதித்து விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் நான் கட்டிக்கொடுத்த சிரிப்பைத்தான் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது.

நீ கேட்டதை வேறு யார் கேட்டிருந்தாலும் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சமையலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குழாயைக் கழற்றிப் புது வாஷர் போட்டு இறுக்கினார். சோப்புப் போட்டுக் கை கழுவினார். துண்டை மடித்து வைத்தார். “இனிமே ஒழுகாது” என்றார். “ஒரு மாசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்துனேன், இன்னைக்குத்தான் ஞானம் பொறந்துச்சா” என்றேன். சிரித்தார். உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். முதல் நாளே கட்டி வைத்திருக்கிறார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, “என்ன மாப்ள, வெளியூரா?” என்றார். “ஆமாங்க, வந்துடறேன்.” அப்பா எழுந்து, அந்தப் பெட்டியை வாங்கி வாசல்வரை தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். அதை மட்டும் அவரால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

சாயங்காலம் அலமாரியைத் திறந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஒன்பது வருஷம் குழந்தை இல்லை என்று அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமலே வேறு வீட்டில் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் பிறந்தது. பெண்.

எழுதிவிட்டேன். இதோடு விட்டுவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, சினிமா வயிற்றை நிரப்பாது.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே?

உன் கடிதத்தை ஏழு தடவை படித்துவிட்டேன். அந்தக் குழாய்! மூளையைக் கசக்கினாலும் எவனுக்கும் அப்படி ஒரு காட்சி தோன்றாது. எங்கள் வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன், யாருடையது என்று சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நம் வீட்டிலேயே எடுப்பது என்று முடிவு பண்ணிவிட்டேன். நீயாக நீ, அப்பாவாக அப்பா. நடிக்கத் தெரியாதே என்று ஆரம்பிக்காதே; தெரியாமல் இருப்பதுதான் தகுதி. கதை சின்னது. புருஷன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவள் லேபுக்குப் போகிறாள், வருகிறாள், அப்பாவைக் கவனித்துக்கொள்கிறாள். ஒருநாள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறக்கிறாள். அத்தோடு படம் முடிகிறது.

ஒரு சந்தேகம். அப்பா பெட்டியைத் தூக்கியது எந்தக் கையில்? வலதா, இடதா?

பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


பிப்ரவரி 21

துரைக்கு,

எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு இருமல் விட்டதா?

வலது கை.

முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்பா விடவில்லை. “எம்பையன் எங்கிட்ட இதுவரைக்கும் எதுவுமே கேட்டதில்லம்மா. இப்ப பெத்தவன் மூஞ்சியக் கேக்கறான். குடுத்துட்டுப் போவோம்” என்கிறார். அன்றிலிருந்து கண்ணாடியும் கையுமாக இருக்கிறார். தலைக்குச் சாயம் பூசலாமா, பழைய யூனிபார்ம் சட்டையைப் போட்டுக்கொள்ளலாமா என்று என் உயிரை எடுக்கிறார். அம்மா போன பிறகு அவரை இவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை. அதற்காகத்தான் சம்மதிக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஆள் இதில் வரக்கூடாது. அவர் போட்டோ, அவராக நடிக்க இன்னொருவர், எதுவும் வேண்டாம். கதவைத் திறந்தால் எதிரில் யார் என்று காட்டாமல் விட்டுவிடு. உன் பிரெஞ்சுக்காரர்தான் காட்டாமலே காட்டுகிறவராயிற்றே.

இதற்குச் சரி என்றால் வா.

அக்கா


மார்ச் 2

அக்கா,

நலமாக இருக்கிறேன். அவசரத்தில் கார்டு போடுகிறேன், கோபிக்காதே. உன் நிபந்தனைக்குச் சத்தியமாகச் சம்மதம். பதினெட்டாம் தேதி நாலு பேரோடு வருகிறேன். சுவருக்கு வெள்ளையடித்துவிடாதே. அப்பா தலைக்குச் சாயம் கூடவே கூடாது. நாற்காலி கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும்.

துரை


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டதால் ஆஸ்பத்திரியிலிருந்தே கிளம்பும்படி ஆகிவிட்டது. அப்பாவின் இடுப்பு எலும்பைப் பற்றி டாக்டர் என்ன சொல்கிறார்? கிளம்பும்போது நீ என்னிடம் பேசவே இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிலிம் கழுவி வந்துவிட்டது. நேற்று எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். நீ பார்க்க வேண்டும் அக்கா.

கதவு திறக்கிறது. நாற்பது தடவை திறந்து, நாற்பது தடவையும் எதிரில் எங்கள் ஒல்லி உதவியாளன் நிற்பதைப் பார்த்துப் பார்த்து, உன் முகத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. வெறும் முகம். நாற்பத்தோராவது தடவை மாமா நிற்கிறார், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு. நீ அலறவில்லை. பதினான்கு நொடி அவரையே பார்க்கிறாய். பிறகு குழந்தையைப் பார்க்கிறாய். அது “தண்ணி” என்கிறது. நீ உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, அதன் வாயில் வைக்கிறாய். சட்டை நனையாமல் இருக்க மறு கையை அதன் தாடைக்கு அடியில் குவித்து ஏந்துகிறாய். யார் சொல்லிக்கொடுத்தால் வரும் இது? அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம். “வெளிய போடா!” என்று அப்பா எழுந்து வரும் சத்தம். அவர் விழும் சத்தம். நீ டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிறாய். திரையில் வாசல், டம்ளர், அந்தக் குழந்தை மட்டும். நான் ‘கட்’ சொல்லவில்லை. ஒரு நிமிஷம் முழுதாக அப்படியே ஓடவிட்டேன். 

உனக்குக் கோபம் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். மாமாவுக்கு நான்தான் எழுதினேன், அக்கா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று. நம்பி ஓடிவந்துவிட்டார், பாவம். முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ நடித்திருப்பாய், எல்லாம் வீணாகியிருக்கும். இப்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாற்பது தடவை கேமராவில் பிலிமே இல்லை. எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே சுருள்.

வாத்தியார் மட்டும், “உங்க அக்காவுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு.

தம்பி


மே 19

துரைக்கு,

நலம் விசாரித்திருந்தாய். நான் வேலைக்குப் போய் வருகிறேன். அப்பா படுத்த படுக்கை. இடுப்பில் தகடு வைக்க வேண்டுமாம். ஆனால் மயக்க மருந்தை அவர் இருதயம் தாங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துவிட்டு நான் லேபுக்குப் போகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா நடுவில் இரண்டு தடவை வந்து பார்க்கிறார். முதுகில் புண் வந்துவிட்டது.

உன் கேமரா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்க்காததை எழுதுகிறேன். அப்பா தரையில் கிடந்தார். தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். கண்ணைத் திறந்ததும் உன்னைத்தான் தேடினார். “நான் எந்திரிச்சு வந்து கெடுத்துட்டேனாம்மா? திரும்ப எடுக்கணுமான்னு அவன்கிட்ட கேளு” என்றார். நீ அந்த நேரத்தில் ஒல்லியிடம், பிலிம் கடைசிவரை ஓடியதா என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

அந்தக் குழந்தைமேல் எனக்கு வருத்தமில்லை. தாகம் எடுத்தது, கேட்டது. அதன் அப்பன் தலையைக் குனிந்தபடி, “நீ கூப்பிட்டேன்னு உன் தம்பி எழுதினான்” என்றார். நான் கூப்பிடவில்லை என்று சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் கூப்பிட்டதாகத்தான் அவர் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார்.

கொடுமை செய்கிறவர்கள் கத்துவதில்லை என்று எழுதியிருந்தாய். நீயும் நாலு நாளில் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நாற்பது தடவையும், “இன்னொரு தடவை அக்கா, ப்ளீஸ்” என்றுதான் கேட்டாய். காலையிலிருந்து நின்று எனக்குக் கால் வீங்கியிருந்தது. பிள்ளை கேட்கிறானே என்று போய்ப் போய்த் திறந்தேன்.

தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் என்னிடம் கேட்கப் போவதும் இல்லை.

அப்பா தினமும், “படம் எப்ப வருது?” என்கிறார். தான் விழுந்தது படத்தில் தெரியுமா என்று கேட்கிறார். தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறாரா, வெட்கப்படுகிறாரா, எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கு ஒரு வரி எழுது. எனக்கு வேண்டாம், அவருக்கு எழுது.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் நலம், நலத்துக்கும் மேலே! படம் விழாவுக்குத் தேர்வாகிவிட்டது. எங்கே தெரியுமா? அந்தப் பிரெஞ்சுக்காரரின் ஊரிலேயே. அவருக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. ஆனால் புதுப் பையன்களின் படங்களை அவரே முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாராம். என் படத்தை, உன் கையை, அவர் பார்க்கப் போகிறார்.

இத்துடன் இரண்டு படிவங்கள் வைத்திருக்கிறேன். படத்தில் வருகிறவர்கள் சம்மதம் கொடுக்க வேண்டும். ஒன்றில் நீ, ஒன்றில் அப்பா. ஜூலை இருபதுக்குள் விழாக்காரர்களுக்கு இங்கே இருக்கும் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

அப்பாவுக்குத் தனியாக எழுத நேரமில்லை, கடைசி வேலைகள் கழுத்தை நெரிக்கின்றன. இதையே அவருக்குப் படித்துக் காட்டு. அப்பா, நீங்கள் விழும் இடத்தை நான் வெட்டவில்லை. சத்தம் மட்டும்தான் கேட்கும். ஆனால் படத்தின் உச்சமே அதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை.

அவர் எழுந்து உட்காருகிறாரா? சக்கர நாற்காலி ஒன்று விசாரிக்கட்டுமா?

தம்பி


ஜூன் 29

துரைக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இப்போது வலி கிடையாது. மாத்திரைகளையெல்லாம் நிறுத்தியாகிவிட்டது. சக்கர நாற்காலி வேண்டாம்.

படிவங்கள் வந்தன. உன் கடிதத்தைப் படித்துக் காட்ட முடியவில்லை.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு வலி நின்றுவிட்டது என்று படித்ததும் பெரிய பாரம் இறங்கியது. அவர் உடம்பு அவர் ஓட்டிய பஸ் மாதிரி, பார்க்கத்தான் ஓட்டை, இன்ஜின் இரும்பு. நீயும் இளைத்துப்போகாமல் பார்த்துக்கொள்.

படிவம் இன்னும் வரவில்லை. தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வழியில் நிற்கிறேன், என்னைக் கண்டால் அவர் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். அப்பாவால் பேனா பிடிக்க முடியாவிட்டால் கைநாட்டு போதும், கேட்டுவிட்டேன். அவருக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம். தூங்கும்போது கட்டைவிரலில் மையைத் தடவி நீயே ஒற்றி எடுத்துவிடு. அவருக்குத் தெரியக்கூட வேண்டியதில்லை.

என் வாழ்க்கையே அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது அக்கா.

தம்பி


ஜூலை 15

துரைக்கு,

அப்பா ஜூன் ஒன்பதாம் தேதி இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. நான் லேபில் இருந்தேன். தையல்காரம்மா விரலில் ஊசியோடும் நூலோடும் ஓடிவந்தார். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பல்செட்டைக் கழற்றி வைத்திருந்ததால் கன்னம் குழிந்து, வேறு யாரோ மாதிரி இருந்தார். அதைக் கழுவிப் பொருத்தினேன். பிறகு அப்பாவாகிவிட்டார். லேப் முதலாளி, பிளாஸ்டர் கலக்குகிறவர், தையல்காரம்மாவின் புருஷன், நான், நாலு பேருமாகத் தூக்கினோம்.

உனக்குத் தந்தி கொடுக்கத்தான் போனேன். தாளில் எழுதியும் முடித்துவிட்டேன். ஜன்னலில் நீட்டும்போது, இவன் வருவான், ஆனால் தனியாக வரமாட்டான், கேமராவும் கூடவே வரும் என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மகனுக்குச் சொல்லாமல் அப்பனை அனுப்பியவள் என்று ஊர் சொல்லட்டும். நல்லவள் மாதிரி எழுத எனக்கு இஷ்டமில்லை. முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இல்லாத மனுஷனுக்கு நீ சக்கர நாற்காலி விசாரித்தபோது எனக்குள்ளே ஏதோ குளிர்ந்தது. உனக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, ஒரு தடவையாவது. கட்டைவிரலைப் பற்றி நீ எழுதிய கடிதம் வந்த பிறகு அந்தச் சந்தோஷமும் போய்விட்டது. உன்னை ஜெயிக்க என்னால் ஆகாது.

உன் படத்தை நான் தடுக்கவில்லை. அவர் ஆசைப்பட்டார். என் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அவருடையதோடு இறப்புச் சான்றிதழை இணைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இல்லையென்றால் வாரிசுகளில் ஒருவர் கையெழுத்திடலாம் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. நானும் வாரிசு, நீயும் வாரிசு. அவருக்காக நான் போட மாட்டேன். நீ போட்டுக்கொள்.

அக்கா


ஜூலை 23

அக்கா,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி மதியம் வந்தது. அன்று முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒல்லி சாப்பாடு கொண்டுவந்து கதவைத் தட்டினான், திறக்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி காலையில் அப்பாவின் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருநாள் முன்னதாகவே சேர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டவர், “உங்க அப்பாங்களா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். ரசீது கொடுத்தார்.

பேனாவைப் பிடித்த கை நடுங்கியது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நடுங்கவில்லை. கையெழுத்து எப்போதும் போல அழகாகத்தான் விழுந்தது. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வரலாமா அக்கா? தனியாகத்தான் வருவேன்.

தம்பி